தொடாமலே சுருங்கிய தொட்டாற்சிணுங்கி: மின்சாரத்துக்கும் தொடு உணர்வுக்கும் என்ன உறவு? ஜகதீஷ் சந்திர போஸின் கதை

பெட்டாலிங் ஜெயாவில், புல் வெட்டுபவர் இரண்டு வாரம் எட்டிப் பார்க்காத ஏதாவது ஒரு திடலுக்குப் போங்கள். ஓரத்தில் செமாலு படர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தமிழில் தொட்டாற்சிணுங்கி. சின்ன வயதில் அதைத் தட்டிவிட்டு, இலை மடங்குவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் நம்மில் குறைவு.

அந்தச் செடியை விரலே படாமல் சுருங்க வைக்க முடியுமா? முடியும். மிக மெல்லிய மின்சாரம் போதும். யாரோ தொட்டுவிட்டதுபோல இலை மடங்கிக்கொள்ளும்.

நம் தோலிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. சரியான அளவில் சிறு மின்சாரம் கொடுத்தால், எதுவுமே தொடாமல் தொட்டது போன்ற உணர்வு வரும். செயற்கைக் கை பொருத்தியவர் ஒரு கோப்பையை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறார் என்பதை அவருக்கே உணர்த்த, இந்த வழியைத்தான் ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். மெய்நிகர் உலகில் ஒரு பொருளைத் தொட்டால் விரல் நுனியில் உணர்வு தரும் கையுறைகளுக்கும் இதே வழி சோதிக்கப்படுகிறது.

தொடுதலும் மின்சாரமும் உயிருள்ள உடலுக்குள் ஒரே மொழியாகிவிடுகின்றன என்பதை நிரூபிக்க, கல்கத்தாவில் ஒருவர் தன் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டார். அவர் ஜகதீஷ் சந்திர போஸ். பாடப்புத்தகத்தில் செடிக்கும் உயிர் உண்டு என்று சொன்ன விஞ்ஞானி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மைக் கதை அதைவிடச் சிக்கலானது, சுவாரசியமானதும்கூட.

முதலில், தோலில் மின்சாரம் கொடுத்தால் ஏன் தொட்டதுபோல் இருக்கிறது?

நம் தோலுக்கு அடியில் தொடுதலை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. அழுத்தம், அதிர்வு, உராய்வு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகை உண்டு. நீங்கள் ஒரு பொருளைத் தொட்டதும் அவை அந்த அழுத்தத்தைச் சிறு மின் துடிப்புகளாக மாற்றும். நரம்பு வழியாக மூளைக்குப் போவது அந்தத் துடிப்புகள்தான். பொருளின் வழவழப்போ சொரசொரப்போ நேராக மூளைக்குப் போவதில்லை.

அப்படியென்றால் நடுவில் புகுந்து, வெளியிலிருந்தே அந்த நரம்பைத் துடிக்க வைத்தால் என்ன ஆகும்? மூளைக்கு வித்தியாசம் முழுதாகத் தெரியாது. ஏதோ தொட்டது, தட்டியது, ஊர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

இதைக் கைத்தொலைபேசி அதிர்வதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தொலைபேசிக்குள் ஒரு குட்டி மோட்டார் நிஜமாகவே ஆடுகிறது. இங்கே ஆடும் பொருள் எதுவும் கிடையாது. தோலில் ஒட்டிய எலக்ட்ரோடு வழியாகச் சில மில்லி ஆம்பியர் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும். அவ்வளவுதான்.

முதுகுவலிக்கு பிசியோதெரபி எடுத்துக்கொண்ட பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஒட்டும் பட்டையைப் போட்டதும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது என்பார். அது டென்ஸ் கருவி. நோக்கம் வலியைக் குறைப்பது என்றாலும், அடிப்படை இதுவே.

தாய்மொழிப் பள்ளியில் தொடங்கிய சிறுவன்

ஜகதீஷ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் அதிகாரி. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதுதான் அன்றைய கௌரவம். அப்பாவோ மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். ஆங்கிலம் படிக்கும் முன் தாய்மொழி வர வேண்டும், சொந்த மக்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

வகுப்பில் ஒரு பக்கம் அப்பாவிடம் வேலை செய்த முஸ்லிம் பணியாளரின் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, மீன் கதைகளில்தான் தனக்கு இயற்கை மேல் ஆசை வந்தது என்று போஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டைத் தொடங்கியவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

பிறகு கல்கத்தாவின் செயின்ட் சேவியர்ஸ். அங்கே லாஃபோன் என்ற பாதிரியார் செய்முறையோடு இயற்பியல் நடத்தினார். 1880இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார் போஸ். காய்ச்சல் விடாமல் வாட்டியது. உடல் அறுக்கும் கூடத்தின் வாடை அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு.

மூன்று வருடம் சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885இல் ஊர் திரும்பிய போஸ், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். வேலை கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. ஐரோப்பியப் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் பணி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு.

போஸ் சண்டை போடவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. தினமும் போய்ப் பாடம் நடத்தினார். மாதம் முடிந்தால் சம்பளத்தைத் தொட மறுத்தார். இப்படியே மூன்று வருடம். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் முன்தேதியிட்டு. மொத்தமாக வந்த பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

அந்தச் சம்பளமில்லாத நாள்களில் அவரோடு இருந்தவர் மனைவி அபலா. 1887இல் திருமணம். அதற்கு முன்பே அபலாவுக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்காத காலத்தில், 1882இல் அவர் மதராஸுக்கு வந்து மருத்துவம் படித்தார். உடல்நிலை காரணமாகப் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் பெண் கல்விக்காக உழைத்தவராக வங்காளம் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

கருவிக்கும் களைப்பு வருமா?

போஸ் ஆராய்ச்சியைத் தொடங்கியது 1894இல், 36 வயதை நெருங்கும்போது. ஆய்வகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியில் குளியலறையை ஒட்டிய ஒரு சிறு இடம். கருவிகளை உள்ளூர் கைவினைஞரை வைத்துத் தன் செலவில் செய்துகொண்டார்.

அங்கிருந்துதான் 1895இல் கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையைச் சுவர்களைத் தாண்டி அனுப்பி, தூரத்தில் ஒரு மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். அவர் கையாண்டது மில்லிமீட்டர் அளவிலான அலைகள். இன்று 5ஜி பேச்சில் அடிபடும் அதே குடும்பம்.

அந்த அலைகளைப் பிடிக்கும் கருவியில்தான் அவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். தொடர்ந்து வேலை வாங்கினால் கருவி மந்தமாகிறது. சற்று ஓய்வு கொடுத்தால் பழைய நிலைக்கு வருகிறது. அது உலோகம்தானே, அதற்கு எப்படிக் களைப்பு?

பதிவான கோடுகளைப் பார்த்தார். களைத்த தசையின் கோடு போலவே இருந்தது. பிறகு ஒரு நீண்ட வரிசைச் சோதனை. உலோகம், செடி, விலங்குத் தசை மூன்றையும் முறுக்கினார், தட்டினார், சூடாக்கினார், மின்சாரம் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மின் துடிப்பு பதிலாக வந்தது. நஞ்சு வைத்தால் மூன்றிலும் அந்தத் துடிப்பு அடங்கியது.

இயற்பியல்காரர் உயிரியலுக்குள் கால் வைத்த இடம் இது. பிரச்சினை தொடங்கியதும் இங்கேதான்.

லண்டனில் காப்பகத்துக்குப் போன கட்டுரை

1901 மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் இதையெல்லாம் செய்து காட்டினார். வரவேற்பு நன்றாகவே இருந்தது. ஜூன் 6ஆம் தேதி ராயல் சொசைட்டியில் கட்டுரையை முன்வைத்தபோது நிலைமை மாறியது. அன்றைய உடலியங்கியலின் பெரிய மனிதர் ஜான் பர்டன்-சாண்டர்சன் எழுந்தார். போஸ் தன் துறையான இயற்பியலோடு நிற்பது நல்லது என்றும், தலைப்பில் உயிருக்கு உரிய பதில்வினை என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் வினை என்று மாற்றலாம் என்றும் சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூச்சி தின்னும் செடி ஒன்று தொட்டதும் மூடிக்கொள்ளும்போது அதில் மின் மாற்றம் ஏற்படுகிறது என்று 1873இலேயே அறிவித்தவர் இதே பர்டன்-சாண்டர்சன். அசையும் செடிகளுக்கு அது பொருந்தும், எல்லாச் செடிகளுக்கும் பொருந்தாது என்பது அவருடைய நிலை.

ஒரு சொல்லை மாற்றியிருந்தால் கட்டுரை வெளிவந்திருக்கும். போஸ் மாற்றவில்லை. கட்டுரை அச்சாகாமல் சொசைட்டியின் காப்பகத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே போஸ் தன் சோதனைகளை முழுப் புத்தகமாக வெளியிட்டார்.

பணம் சேர்க்கும் வழியும் அவர் முன் இருந்தது. நண்பர்களின் வற்புறுத்தலால் அவர் பெயரில் ஓர் அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தது. குறைக்கடத்தியை அலை பிடிக்கப் பயன்படுத்தும் ஆரம்பகாலக் காப்புரிமைகளில் அது ஒன்று. அறிவைச் சொந்தச் சொத்தாக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில், அதை வைத்து அவர் ஒரு காசும் பார்க்கவில்லை.

தொடாமல் தொட்டது எப்படி?

கல்கத்தா திரும்பிய போஸின் மேசையில் இப்போது தொட்டாற்சிணுங்கி.

அந்தச் செடியின் நுனியைத் தொட்டால் செய்தி அடிவரை போகிறது. எப்படிப் போகிறது? செடிக்கு நரம்பு இல்லை. ஆகவே, உள்ளே உள்ள நீரை ஒரு இடத்தில் அழுத்தினால் குழாயில் தண்ணீர் தள்ளப்படுவதுபோல அழுத்தம் மறுமுனைக்குப் போகிறது என்பதே அன்றைய பொதுவான விளக்கம்.

போஸின் சந்தேகம் எளிமையானது. தண்ணீர்த் தள்ளல்தான் காரணம் என்றால், அழுத்தவே அழுத்தாத ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாமே?

அதற்குத்தான் மெல்லிய மின்சாரம். செடியை அசைக்காத, கசக்காத அளவுக்குச் சிறியது. இலை மடங்கியது. வழியில் ஓர் இடத்தைக் குளிர வைத்தார், செய்தி தாமதமானது அல்லது நின்றது. மயக்க மருந்து கொடுத்தார், அடங்கியது. மருந்து தெளிந்ததும் மறுபடி வந்தது. தண்ணீர்க் குழாய்க்கு மயக்க மருந்து ஏறாது. விலங்குகளின் நரம்பில் நடப்பதைப் போன்ற ஒன்று செடிக்குள்ளும் நடக்கிறது என்று போஸ் வாதிட்டார்.

கண்ணால் பார்த்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அவருக்கு லண்டன் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் செடியே தன் கணக்கை எழுதட்டும் என்று கருவிகள் செய்தார். புகை படிந்த கண்ணாடியில் நொடியின் மிகச் சிறு பங்குகளைப் புள்ளிபுள்ளியாகக் குறிக்கும் கருவி அதில் ஒன்று. இலைக்காம்பில் செய்தி நொடிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் வரை போகிறது என்று அது காட்டியது. நம் கையில் தொடுதல் செய்தி நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் ஓடுகிறது. செடி மெதுவானது, ஆனால் ஊமையில்லை.

நாக்கு எதற்கு இங்கே வருகிறது?

1914இல் மறுபடி லண்டன் மேடை. இந்த முறை போஸ் மனிதனையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். மின்சாரத்தை உணர்வதில் நம் உடலிலேயே கூர்மையான உறுப்பு நாக்கு. சராசரி ஐரோப்பியர் நாக்கால் 6 மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டத்தையும் உணர முடியும் என்ற அன்றைய அளவீட்டை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார். தொட்டால் சுருங்கும் இன்னொரு சிறு செடியான பயோஃபைட்டம் மனிதரைவிட எட்டு மடங்கு நுட்பமாக உணர்கிறது என்பது அவருடைய கணக்கு. சட்டென்று கொடுக்கும் மின் அதிர்ச்சிக்குத் தொட்டாற்சிணுங்கி பத்து மடங்கு.

மேடையில் சிரிப்பு வரவழைத்த ஒப்பீடாக இருந்திருக்கலாம். ஆனால் நாக்கைப் பற்றிய அந்தக் குறிப்பு இன்று வேறொரு இடத்தில் உயிரோடு இருக்கிறது.

தோலில் மின்சாரத்தால் தொடு உணர்வு கொடுப்பதில் பெரிய தலைவலி, தோலின் மேல் அடுக்கு. காய்ந்திருந்தால் மின்சாரத்தைத் தடுக்கும். வியர்த்தால் தாராளமாக விடும். நம் ஊர் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், குளிரூட்டிய அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகும் ஒரே கருவி வெவ்வேறு மாதிரி உணர்த்தும். மெல்லிய கூச்சத்துக்கும் சுருக்கென்ற வலிக்கும் இடையில் உள்ள இடைவெளியும் சிறியது.

நாக்கில் இந்தத் தொல்லை குறைவு. எப்போதும் ஈரம், தடித்த தோல் இல்லை, நரம்பு முனைகள் நெருக்கம். அமெரிக்க ஆய்வாளர் பால் பாக்-இ-ரீட்டாவும் அவரது குழுவினரும் 1990களில் நாக்கைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். கேமரா பார்ப்பதை நாக்கில் வைத்த நூற்றுக்கணக்கான நுண் எலக்ட்ரோடுகள் புள்ளிகளாகத் தட்டிக் காட்டும். பயிற்சிக்குப் பிறகு பார்வையற்றவர் எதிரில் உள்ள பொருளின் வடிவத்தையும் இடத்தையும் உணரலாம். பிரெயின்போர்ட் என்ற இந்தக் கருவிக்கு 2015இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

போஸ் இந்தக் கருவியைக் கண்டுபிடிக்கவில்லை, அப்படி ஒரு கருவி வரும் என்று எழுதி வைக்கவும் இல்லை. தொடுதலுக்குப் பதில் மின்சாரத்தை வைத்தாலும் உயிருள்ள உடல் அதே பதிலைத் தரும் என்ற எண்ணத்தை விடாமல் சோதித்தவர் அவர்.

எதில் சரி, எதில் தவறு?

போஸைக் கும்பிட்டுவிட்டுப் போனால் பாதிக் கதைதான் தெரியும்.

1916இல் இத்தாலியத் தாவரவியலாளர் உபால்டோ ரிக்கா தொட்டாற்சிணுங்கியின் தண்டை வெட்டி, இரண்டு துண்டையும் தண்ணீர் நிரப்பிய குழாயால் இணைத்தார். காயம் பட்ட செய்தி அந்தத் தண்ணீரையும் தாண்டிப் போனது. அதாவது ஒரு வேதிப்பொருளும் செய்தி சுமக்கிறது. மின்சாரம் மட்டுமே எல்லாம் என்ற போஸின் வாதத்துக்கு அது பெரிய அடி. செடிக்குள் நீர் மேலே ஏறுவதற்கு உயிரணுக்களின் துடிப்பே காரணம் என்ற அவருடைய இன்னொரு கருத்தையும் அறிவியல் உலகம் ஏற்கவில்லை. செடிக்கு வலிக்கிறது, பாட்டுக் கேட்கிறது என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளுக்கும் அவருடைய பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அவர் அளந்தது மின் துடிப்பையும் அசைவையும். அதைத் தாண்டிய கதைகளுக்கு அந்த அளவீடுகள் சாட்சி ஆகாது.

ஆனால் அடிப்படைக் கருத்து நின்றுவிட்டது. செடிகளில் மின் செய்தி ஓடுகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. 2022இல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகக் குழு, தொட்டாற்சிணுங்கிக்குள் கால்சியம் செய்தியும் மின் செய்தியும் சேர்ந்து ஓடுவதைப் படம் பிடித்தது. அவை வந்து சேர்ந்த சுமார் 0.1 நொடியில் இலை அசைந்தது. இலைக்காம்பின் அடியில் உள்ள சற்றே வீங்கிய மூட்டுக்குள் உயிரணுக்கள் நீரை இழக்க, இலை தொய்ந்து மடங்குகிறது. மூட்டு இல்லாமல் மாற்றப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் அதிகம் தின்றன. சிணுங்குவது வெட்கத்தால் அல்ல, தற்காப்புக்காக.

கடைசி வருடங்கள்

1917 நவம்பர் 30ஆம் தேதி, தன் 59வது பிறந்தநாளில், போஸ் கல்கத்தாவில் தன் பெயரிலான ஆய்வு நிலையத்தைத் திறந்தார். அடுத்து வரும் இந்திய மாணவன் குளியலறைப் பக்கத்தில் ஆய்வகம் தேட வேண்டியதில்லை. அதே ஆண்டு சர் பட்டம். 1920இல், ஒருகாலத்தில் கட்டுரையை அலமாரியில் வைத்த அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அதற்கு 19 வருடம் ஆனது. அவரிடம் பிரசிடென்சியில் படித்த சத்யேந்திர நாத் போஸும் மேகநாத் சாஹாவும் உலகப் புகழ் பெற்றார்கள்.

1937 நவம்பர் 23ஆம் தேதி, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரீடியில் போஸ் காலமானார். 79வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

நீங்களே பார்க்கலாம்

மின்சாரத்தைக் கொண்டு வீட்டில் எதையும் முயல வேண்டாம். டென்ஸ் கருவியையும் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொன்ன பிறகே பயன்படுத்த வேண்டும். குறிப்பாக இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடக் கூடாது.

ஆனால் போஸ் பார்த்ததில் ஒரு பகுதியைப் பார்க்க மின்சாரம் தேவையில்லை. அடுத்த முறை திடலில் செமாலு கண்ணில் பட்டால், இலை முழுவதையும் கையால் தடவாமல், நுனியை மட்டும் ஒரு தட்டுத் தட்டுங்கள். கைத்தொலைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுங்கள். ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டு செய்தி காம்பை நோக்கி இறங்குவது தெரியும். அதன் வேகத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். போஸ் புகை படிந்த கண்ணாடியில் செய்ததும் அதைத்தான்.